ஓதம் ஏறிய சுவரும் பூஞ்சணமும்: துடைப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

காற்றில் ஈரம் மிகுந்த ஊர்களில் வாழ்பவர்களுக்கு, மழைக்காலம் தொடங்கிய சில வாரங்களில் அலமாரிக்குப் பின்னாலுள்ள சுவரிலும் குளியலறைக் கூரையின் மூலையிலும் கரும்புள்ளிகள் தோன்றுவது பழகிப்போன காட்சி. அதைக் கண்டதும் எழும் முதல் கேள்வி, எதை அடித்தால் இது போகும் என்பதுதான். ப்ளீச், வினிகர், சோடா உப்பு, சந்தையில் புதிதாக வந்திருக்கும் ஏதோவொரு திரவம் என்று பதில்களும் உடனுக்குடன் கிடைத்துவிடுகின்றன. ஆஸ்துமா உள்ள ஒருவருடன் ஒரே வீட்டில் பல மழைக்காலங்களைக் கடந்தவன் என்ற முறையில், அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பூஞ்சணம் படர்ந்திருக்கிறது என்றால் அந்த இடத்தில் தண்ணீர் இருக்கிறது. அது எந்த வழியாக வந்தது என்பதைக் கண்டுபிடித்து நிறுத்தாதவரை, எதை அடித்தாலும் பூஞ்சணம் திரும்பி வரும். வீட்டிலிருப்பவர்கள் சுவாசித்த வேதிப்பொருள்தான் கண்ட பலனாக இருக்கும்.

பூஞ்சண வித்துகள் இல்லாத காற்று எங்கும் கிடையாது. அவற்றில் பெரும்பாலானவை 2 முதல் 10 மைக்ரான் வரை அளவுள்ளவை. ஒரு மில்லிமீட்டரை நூறு பங்காக்கினால் அதில் ஒரு பங்குக்கு மேல் போகாத துகள்கள். ஜன்னலைச் சாத்தினாலும் துணியோடும் செருப்போடும் அவை உள்ளே வந்துவிடும். அவற்றுக்கு வேண்டிய உணவும் வீட்டில் தாராளமாக இருக்கிறது: காகிதம், மரம், தூசி, சோப்பு அழுக்கு, பெயிண்டில் உள்ள பிணைப்புப் பொருள் என எதுவும் போதும். நமக்கு இதமாக இருக்கும் வெப்பநிலையே அவற்றுக்கும் இதமானது. எனவே நம் கையில் மிஞ்சியிருக்கும் ஒரே பிடி ஈரம்தான். நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் முழுமையாக உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூஞ்சணம் பிடிப்பதில்லை. மாறாக, சொட்டச் சொட்ட நனையாவிட்டாலும், ஒரு சுவரை ஒட்டியிருக்கும் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டி நாள்கணக்கில் நீடித்தால், கைக்கு ஈரமே தட்டாத அந்தச் சுவரிலும் பூஞ்சணம் வேர்கொள்ளும். பலரும் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

சுவருக்குத் தண்ணீர் வரும் வழிகளை மூன்றாகப் பிரித்துப் பார்ப்பது எனக்கு எப்போதும் உதவியிருக்கிறது. குழாய், கூரை, கழிவுநீர்க் குழாயின் இணைப்பு ஆகியவற்றிலிருந்து வரும் கசிவு ஒன்று. வெளிச்சுவரின் விரிசல் வழியாக மழைச்சாரல் ஊறுவதும், தரையிலிருந்து அடிச்சுவர் வழியாக ஓதம் மேலேறுவதும் இரண்டாவது. அறைக் காற்றில் உள்ள நீராவியே குளிர்ந்த பரப்பின் மீது படிவது மூன்றாவது. கசிவாக இருந்தால் பெரும்பாலும் வட்டமான பழுப்புக் கறையும் தெளிவான விளிம்பும் இருக்கும். மழை பெய்யாத நாள்களிலும் அது வளர்ந்தால் குழாயையே சந்தேகிக்க வேண்டும். தரையிலிருந்து ஏறும் ஓதம், சுவரின் அடிப்பகுதியில் ஏறத்தாழ ஒரே உயரத்தில் பட்டையாகத் தெரியும். அங்கே பெயிண்ட் பொரிந்து உதிரும். காற்றின் ஈரம் படிவதாக இருந்தால், காற்றோட்டம் இல்லாத மூலைகளிலும், சுவரோடு ஒட்டிப் போடப்பட்ட பீரோவுக்கும் கட்டிலின் தலைமாட்டுக்கும் பின்னாலும் புள்ளி புள்ளியாகப் பரவியிருக்கும்.

கண்ணால் பார்த்து முடிவுக்கு வர இயலாவிட்டால், எளிய சோதனை ஒன்று உண்டு. சந்தேகத்துக்குரிய இடத்தை நன்றாகத் துடைத்து உலர்த்திவிட்டு, ஓரடிச் சதுரப் பாலிதீன் தாளையோ அலுமினியத் தாளையோ சுவரில் வைத்து, நான்கு பக்கமும் இடைவெளியின்றி டேப்பால் ஒட்டி, ஒன்றிரண்டு நாள்கள் விட்டுவைக்க வேண்டும். பிறகு பார்க்கும்போது, அறையை நோக்கிய பக்கத்தில் நீர்த்துளி படிந்திருந்தால் ஈரம் அறைக் காற்றிலிருந்து வருகிறது. தாளுக்குப் பின்னால் சுவரை ஒட்டிய பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் நீர்ப்புகாப் பூச்சுக்குப் பெருந்தொகை செலவழிப்பவர்களை நினைத்து எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. ஏனெனில் ஈரம் காற்றிலிருந்து வரும்போது வெளிச்சுவரில் எத்தனை முறை பூசினாலும் உள்ளே எதுவும் மாறப்போவதில்லை.

வெள்ளையாகப் பஞ்சுபோல் படர்ந்திருப்பதெல்லாம் பூஞ்சணமும் அன்று. செங்கல்லிலும் சிமெண்டிலும் உள்ள உப்பு, ஈரத்தோடு வெளியே வந்து பூப்பதும் அப்படித்தான் தெரியும். அதன் மீது ஒரு துளி தண்ணீர் விட்டால் உப்பு கரைந்துவிடும், பூஞ்சணம் கரையாது. விரலால் நசுக்கினால் உப்பு பொடியாகும், பூஞ்சணம் இழுபட்டுப் படரும். அதை நசுக்கிப் பார்க்கும்போது கையுறை அணிந்திருப்பது நல்லது. உப்புப் பூத்தலால் மூச்சுக்குக் கெடுதல் இல்லை என்றாலும், சுவருக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதுவும் சாட்சிதான்.

இனி, மூன்றாவது வழியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். குளிர்நாடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அறிவுரைகள் எல்லாம் ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றே தொடங்குகின்றன. அங்கே வெளிக்காற்று குளிர்ந்தும் வறண்டும் இருப்பதால் அது சரியான அறிவுரை. வெப்பமும் ஈரமும் சேர்ந்திருக்கும் இடங்களில் அதை அப்படியே பின்பற்றினால் சில வேளைகளில் தீங்கே விளையும். 30 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றில், ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 24 கிராம் நீராவி இருக்கிறது. அந்தக் காற்று 26 டிகிரிக்குக் குளிர்ந்ததுமே நீராவியைத் தாங்க முடியாமல் பனித்துளியாக விடத் தொடங்கும். ஏசி ஓடிக் குளிர்ந்திருக்கும் ஓர் அறையின் ஜன்னலை அத்தகைய நாளில் திறந்தால், உள்ளே நுழையும் நீராவி நேராகச் சுவரிலும் மெத்தையிலும் அலமாரியிலும்தான் போய்ப் படியும். ஆகவே ஏசியை நிறுத்தியவுடன் ஜன்னல்களை விரியத் திறந்துவிடும் பழக்கத்தை, அது எவ்வளவு நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டாலும், ஈரமான நாள்களில் கைவிட வேண்டும்.

ஏசி இல்லாமல் இயற்கைக் காற்றிலேயே இருக்கும் வீட்டின் நிலை வேறு. அங்கே சுவரின் வெப்பநிலையும் காற்றின் வெப்பநிலையும் பெரும்பாலும் நெருங்கியே இருக்கும் என்பதால் நீர் படிவது குறைவு. எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து காற்றை ஓடவிடுவதும், மழை ஓய்ந்து வெயில் ஏறிய நேரத்தில் அலமாரிக் கதவுகளைத் திறந்துவைப்பதும், மின்விசிறியைச் சுவர்ப்பக்கம் காற்று படும்படி ஓடவிடுவதும் அந்த வீட்டுக்கு ஏற்ற வழிகள். இடர் மிகுவது இரண்டும் கலந்த வீட்டில்தான்: ஓர் அறை குளிரூட்டப்பட்டு, அடுத்த அறை திறந்து கிடக்கும் வீட்டில், குளிரூட்டிய அறையின் சுவருடைய மறுபக்கத்தில் பூஞ்சணம் பிடிக்கும். காரணம் தெரியாமல் அந்தப் பக்கத்தில் கசிவைத் தேடித் தேடி அலுத்துப்போகிறவர்கள் உண்டு. ஏசியை 18, 20 என்று இறக்காமல் 25 அல்லது 26 டிகிரியில் வைத்தாலே சுவர் அவ்வளவு குளிராது. அறைக்கு வேண்டியதைவிடப் பெரிய ஏசியும் நல்லதன்று. அது காற்றை விரைவாகக் குளிர்வித்துவிட்டு நின்றுவிடுவதால், ஈரத்தைப் பிழிந்தெடுக்க அதற்கு நேரம் கிடைப்பதில்லை. அறை குளிர்ந்தும் பிசுபிசுப்பு போகாமல் இருந்தால் இதைச் சந்தேகிக்கலாம். பல ஏசிகளில் உள்ள டிரை மோடு, ஈரத்தைக் குறைப்பதற்கென்றே அமைந்தது. ஏசியின் நீர் வடியும் தட்டும் குழாயும் அடைத்துக்கொண்டால் ஏசிக்குள்ளேயே பூஞ்சணம் வளர்ந்து, அதன் வித்துகளை அறை முழுவதும் ஊதும்; ஏசியைப் போட்ட முதல் சில நிமிடங்களில் மக்கிய வாடை வருவது அதன் அறிகுறி.

காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் சிறு கருவியை, அதாவது ஹைக்ரோமீட்டரை, வாங்கி வைப்பதை நான் எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன். எங்கள் வீட்டில் அது படுக்கையறைச் சுவரில், கண் மட்டத்தில், நேர்வெயிலோ ஏசிக் காற்றோ படாத இடத்தில் இருக்கிறது. உள்ளே 60 விழுக்காட்டுக்குக் கீழே வைத்திருக்க முடிந்தால் பூஞ்சணம் பெரும்பாலும் அடங்கியிருக்கும்; 30 முதல் 50 வரை இருப்பது இன்னும் நல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. ஆனால் அடைமழைக் காலத்தில் ஏசியோ ஈரநீக்கி இயந்திரமோ இல்லாத வீட்டில் 50-ஐ எட்டுவது நடவாத காரியம். அதற்காக மனம் தளர வேண்டியதில்லை. நாமே உண்டாக்கும் ஈரத்தைக் குறைப்பது எப்போதும் நம்மால் இயலும். ஒரு தடவை துவைத்த துணிகளை அறைக்குள் உலர்த்தினால் லிட்டர் கணக்கில் தண்ணீர் அந்தக் காற்றில் சேரும். வேறு வழியில்லை என்றால், ஏதேனும் ஓர் அறையில் மட்டும் துணியை விரித்து, அதன் கதவைச் சாத்தி, எக்ஸாஸ்ட் ஃபேன் அங்கேயே ஓடும்படி செய்ய வேண்டும். குளியலறை ஃபேனைக் குளித்து முடித்ததும் அணைக்காமல் மேலும் அரைமணி நேரம் ஓடவிட வேண்டும். பீரோவையும் கட்டிலையும் வெளிச்சுவரிலிருந்து ஒரு சாணளவாவது தள்ளிப் போட்டால் அந்த இடைவெளியில் காற்று நடமாடும்.

உடல்நலத்தைப் பற்றிப் பேசும்போது இரண்டு எல்லைக்கும் போகாமல் இருப்பது முக்கியம். உலக சுகாதார நிறுவனம் 2009-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல், ஓதமும் பூஞ்சணமும் உள்ள கட்டடங்களில் வசிப்பவர்களுக்கு மூச்சுத் தொல்லைகளும் சுவாசத் தொற்றுகளும் ஆஸ்துமா மிகுதலும் கூடுதலாக ஏற்படுகின்றன என்று தெளிவாகச் சொல்கிறது. இந்த அளவு வரை பாதுகாப்பானது என்று எண்ணிக்கையில் ஒரு வரம்பை அந்த வழிகாட்டுதல் வகுக்கவில்லை. ஈரத்தையும் பூஞ்சணத்தையும் தடுப்பதும், இருப்பின் நீக்குவதுமே அதன் பரிந்துரை. ஆகவே எந்த இனம் என்று ஆய்வகத்தில் சோதித்துப் பார்க்கும் செலவு பெரும்பாலான வீடுகளுக்குத் தேவையில்லை. நிறத்தை வைத்து நஞ்சை முடிவுசெய்யவும் இயலாது: கறுப்பாக இருப்பதெல்லாம் நச்சுப் பூஞ்சணம் என்று பேசப்படும் ஸ்டாக்கிபோட்ரிஸ் அன்று, பச்சையாக இருப்பது தீங்கற்றதும் அன்று. 2021-ஆம் ஆண்டு பெருந்தொற்றின்போது அச்சமூட்டிய, ‘கறுப்புப் பூஞ்சை’ என்று அழைக்கப்பட்ட மியூகோர்மைகோசிஸ் என்னும் நோயையும் சுவரில் படரும் கறுப்புப் படலத்தையும் ஒன்றாகக் கருதியவர்கள் பலர். அந்த நோயை உண்டாக்குபவை வேறு இனத்தவை. அதே நேரத்தில், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு மருந்து உட்கொள்பவர்கள் ஆகியோருக்கு அஸ்பெர்ஜில்லஸ் போன்ற சாதாரண வீட்டுப் பூஞ்சணமே நுரையீரலில் தொற்றை உண்டாக்கக்கூடும். அவர்களும், ஆஸ்துமா உள்ளவர்களும், குழந்தைகளும் பூஞ்சணத்தைத் துடைக்கும் வேலையில் இறங்கவே கூடாது. துடைக்கும் நேரத்தில் அந்த அறையின் பக்கமும் இருக்கக் கூடாது.

துடைக்கும் வேலையை நாமே செய்யலாமா என்பதற்கு மேற்சொன்ன அமெரிக்க முகமை ஒரு பயனுள்ள அளவைத் தருகிறது: பாதித்த பரப்பு 10 சதுர அடிக்குள், அதாவது ஏறத்தாழ மூன்றடிக்கு மூன்றடிக்குள் இருந்தால் நாமே செய்யலாம். அதைவிடப் பெரிதாக இருந்தாலோ, கழிவுநீரால் நனைந்த சுவராக இருந்தாலோ, ஏசியின் காற்றுக் குழாய்களுக்குள் பரவியிருந்தாலோ, பயிற்சியுள்ளவர்களை அழைப்பதே முறை.

நாமே செய்வதாக இருந்தால், முதலில் மூச்சைக் காத்துக்கொள்ள வேண்டும். துணி முகக்கவசமும் அறுவைச் சிகிச்சை முகக்கவசமும் இந்த வேலைக்கு உதவா. முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தும் என்95 முகக்கவசம் வேண்டும். துளைகள் இல்லாத கண்ணாடியும், முழங்கையை நெருங்கும் அளவுக்கு நீண்ட ரப்பர் கையுறையும் வேண்டும். மின்விசிறியையும் ஏசியையும் அணைத்துவிட்டு, வீட்டுக்குள் செல்லும் கதவைச் சாத்தி அதன் அடி இடுக்கில் ஈரத்துணியை வைத்து, வெளியே திறக்கும் ஜன்னலை மட்டும் திறந்துகொள்ள வேண்டும். உலர்ந்த பூஞ்சணத்தைத் துடைப்பத்தாலோ உலர்ந்த தூரிகையாலோ தேய்ப்பதுதான் செய்யக்கூடாதவற்றில் முதலானது. ஒரே இழுப்பில் கோடிக்கணக்கான வித்துகள் காற்றில் எழும். சாதாரண வாக்கியூம் கிளீனரும் அதைத்தான் செய்யும், ஏனெனில் மிக நுண்ணிய துகள்களையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி இல்லாத இயந்திரம் நுண்வித்துகளைப் பின்புறமாக அறைக்குள்ளேயே கக்கிவிடும். முதலில் சலவைத்தூளோ பாத்திரம் கழுவும் திரவமோ கலந்த தண்ணீரில் பஞ்சை நனைத்து, புள்ளிகளின் மீது மெல்ல ஒற்றி ஈரமாக்கி, பிறகு ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடைத்தெடுக்க வேண்டும். துடைத்த துணியை அதே வாளியில் அலசி மறுபடி பயன்படுத்தாமல், ஒரு பையில் போட்டுக் கட்டிவிடுவது நல்லது. டைல்ஸ், கண்ணாடி, உலோகம், நல்ல நிலையில் உள்ள பெயிண்ட் பூச்சு ஆகியவற்றுக்கு இந்தச் சலவைத்தண்ணீரே பெரும்பாலும் போதும்.

ப்ளீச் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பூஞ்சணத்தைக் கொன்றுவிட்டால் வேலை முடிந்தது என்ற நம்பிக்கையில்தான் அதைத் தேடுகிறோம். ஆனால் செத்த பூஞ்சணமும் ஒவ்வாமையைத் தூண்டும். எனவே கொல்வதைவிட அகற்றுவதே முதன்மை. அழுக்கின் மீது ஊற்றிய ப்ளீச் அழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும் என்பதால், கழுவிய பிறகு பயன்படுத்தினால்தான் அதற்கும் பலன் உண்டு. மரம், ஜிப்சம் பலகை போன்ற உறிஞ்சும் பொருள்களில் அது மேற்பரப்பை வெளுக்கச் செய்துவிட்டு, பூஞ்சணம் போய்விட்டது என்று நம்மை நம்பவைக்கும். உள்ளே ஊறிய தண்ணீரோ அடியில் இருக்கும் இழைகளுக்கு உதவியாக அமையும். டைல்ஸ் போன்ற கடினப் பரப்புக்குப் பயன்படுத்தியே தீர வேண்டும் என்றால், 1 லிட்டர் தண்ணீருக்கு வீட்டு ப்ளீச் திரவம் சுமார் 60 மில்லிலிட்டருக்கு மிகாமல் கலந்து, ஜன்னலைத் திறந்துவைத்துப் பயன்படுத்தலாம்.

இதைப் படிப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது: ப்ளீச்சோடு தண்ணீரைத் தவிர வேறு எந்தத் திரவத்தையும் சேர்க்கவே கூடாது. வினிகரும், கழிவறை கழுவும் ஆசிடும் ப்ளீச்சோடு சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். 1915-இல் முதல் உலகப் போரின் களத்தில் ஆயுதமாகப் பயன்படுத்தப்பட்ட அதே வாயு அது. அம்மோனியா உள்ள கண்ணாடி துடைக்கும் திரவத்தோடு சேர்ந்தால் குளோரமின் என்னும் நச்சு வாயு உண்டாகும். ஸ்பிரிட்டோடும் சேர்க்கக் கூடாது. ஒரே வாளியில் கலப்பது மட்டுமே கலப்பு என்று எண்ணிவிட வேண்டாம். காலையில் ஆசிட் ஊற்றிச் சரியாகக் கழுவாத குளியலறைத் தரையில் மாலையில் ப்ளீச் தெளிப்பதும், வினிகர் அடித்துப் பலனில்லை என்று அதன் மேலேயே ப்ளீச் அடிப்பதும் கலப்புதான். சன்னமான காற்றோட்டம் மட்டுமே உள்ள குளியலறையில் இது உயிருக்கே ஆபத்தாக முடியும். கண் எரிந்து நெஞ்சு அடைப்பதுபோல் தோன்றினால், கழுவி முடித்துவிடலாம் என்று நிற்காமல் உடனே வெளியேறி, திறந்த காற்றுக்கு வந்து, தொல்லை தொடர்ந்தால் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

பொருள்களைப் பொறுத்தவரை, ஊறி உள்ளுக்குள் பூஞ்சணம் பிடித்த மெத்தை, தலையணை, ஜிப்சம் பலகை, அட்டைப்பெட்டி ஆகியவற்றைக் காப்பாற்ற முயல்வதில் பயனில்லை. பாலிதீனில் சுற்றி அப்புறப்படுத்துவதே சரி. துணிகளைத் துவைத்து வெயிலில் உலர்த்தினால் பெரும்பாலும் தேறிவிடும், கறை சில வேளை நிற்கும். புத்தகங்களுக்கு நான் தனியாக நேரம் ஒதுக்குவேன்: ஈரமாக இருக்கும்போது துடைத்தால் மை கலைந்து கறை உள்ளே இறங்கும் என்பதால், முதலில் தாள்களை விரித்துக் காற்றில் நன்றாக உலரவிட்டு, பிறகு முகக்கவசம் அணிந்து திறந்த வெளியில், காற்று நம்மிடமிருந்து அப்பால் வீசும் பக்கமாக நின்று, மென்மையான தூரிகையால் தட்டிவிட வேண்டும். அலமாரியில் அந்துருண்டை போட்டால் பூஞ்சணம் வராது என்று பலர் நம்புகிறார்கள். அது பூச்சிகளுக்கு உரியது, ஈரத்தை அது குறைப்பதில்லை. மேலும் ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு நாப்தலீன் அந்துருண்டையின் ஆவி இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். அலமாரிக்கு வேண்டியது சிலிக்கா ஜெல்லோ கால்சியம் குளோரைடு ஈர உறிஞ்சியோதான்; கால்சியம் குளோரைடு உறிஞ்சிய நீர் துணியில் கவிழ்ந்தால் கறையாகும், ஆதலால் அதை அடித்தட்டில் வைக்க வேண்டும். காற்றைத் தூய்மையாக்கும் என்று சொல்லி விற்கப்படும், ஓசோன் வாயுவை வெளியிடும் இயந்திரங்களை வாங்க வேண்டாம். பூஞ்சணத்தை அடக்கும் அளவுக்கு ஓசோன் இருக்குமானால், அது நம் நுரையீரலுக்கும் தீங்கு செய்யும் அளவாகவே இருக்கும்.

பெயிண்ட் அடிப்பது எல்லாவற்றுக்கும் பின்னால் வர வேண்டிய வேலை. பூஞ்சணத்தின் மீதோ ஓதத்தின் மீதோ அடித்த பெயிண்ட், அது எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும், கொப்புளித்து உரிந்துவிடும். குளிரூட்டிய அறையின் வெளிச்சுவரில், உட்புறமாக ஒட்டப்படும் வினைல் சுவர்த்தாளும் நல்லதன்று. வெளியிலிருந்து சுவர் வழியாக வரும் நீராவி அந்தத் தாளுக்குப் பின்னால் சிக்கிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாமலேயே பூஞ்சணம் முழுச்சுவரிலும் பரவும். ஆகவே, துடைத்து முடித்த பின் சுவரை வெறுமனே விட்டு, பீரோவை நகர்த்தியபடியே வைத்து, அடுத்த பல வாரங்களுக்கு, முடிந்தால் ஒரு நல்ல மழை பெய்து ஓயும்வரை, கவனித்துவர வேண்டும். அதே இடத்தில் மறுபடியும் புள்ளிகள் தோன்றினால், வாளியை எடுப்பதற்கு முன் பாலிதீன் தாளை எடுத்து ஒட்டிப் பார்க்க வேண்டும். புள்ளிகளும் வாடையும் திரும்பாமல், ஒட்டிய தாளின் இரு பக்கமும் உலர்ந்தே இருந்தால், அதற்குப் பிறகு பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம்.